வானத்திலிருந்து இறங்கிய ஐம்பத்தைந்து பேர்

ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்று சொன்னால் நம் சங்கத்தில் ஐம்பதைத் தாண்டியவர்கள் சிலருக்கு முகம் மலரும். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அது பழைய காலத்து வீடியோ கேம். பேரப்பிள்ளைகளுக்கோ சட்டையில் அச்சடித்த ஒரு பூச்சிப் படம். இன்று நம் வீடுகளில் கைபேசியிலும் கணிப்பொறியிலும் ஓடுகிற சுடும் விளையாட்டுகளுக்கெல்லாம் பாட்டன் முறை அதுதான். "இந்தச் சனியனில் என்னதான் இருக்கிறது?" என்று அலுத்துக்கொள்ளும் பெற்றோருக்கு, பேரனை விட்டுவிட்டுப் பாட்டனை விளக்கினால் விஷயம் எளிதில் பிடிபடும் என்று எண்ணி இதை எழுதுகிறேன். கணிப்பொறித் தொழிலில் முப்பதாண்டுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதைத் தவிர எனக்கு இதில் வேறு தகுதி கிடையாது.

விளையாட்டு மிக எளியது. கறுப்புத் திரையின் மேற்பகுதியில் 5 வரிசை, வரிசைக்கு 11 பேர் என மொத்தம் 55 விண்வெளி எதிரிகள். அணிவகுத்துப் பக்கவாட்டில் நகர்வார்கள். திரையின் ஓரத்தைத் தொட்டதும் ஒரு படி கீழே இறங்கி எதிர்த்திசையில் திரும்புவார்கள். ஏர் பூட்டிய மாடு வயலின் கோடியில் திரும்புவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் நம்முடைய பீரங்கி. அதை இடம் வலமாக நகர்த்தலாம், மேல்நோக்கிச் சுடலாம், அவ்வளவுதான். அதுவும் ஒரு நேரத்தில் நம் குண்டு ஒன்றுதான் பறக்கும். அது பட்டோ தவறியோ மறைந்த பிறகுதான் அடுத்தது. ஒளிந்துகொள்ள நான்கு அரண்கள் உண்டு. எதிரியின் குண்டு பட்டு மட்டுமல்ல, நம் குண்டு பட்டும் அவை கரையும். கீழ் இரண்டு வரிசைக்கு ஆளுக்கு 10 புள்ளி, அடுத்த இரண்டுக்கு 20, உச்சி வரிசைக்கு 30.

எதிரி ஒருவன் தரையைத் தொட்டுவிட்டால், கையில் மிச்சம் எத்தனை பீரங்கி இருந்தாலும் ஆட்டம் முடிந்தது. சரி, 55 பேரையும் தீர்த்துவிட்டால்? இன்னொரு 55 பேர் முன்னைவிடத் தாழ்ந்த இடத்திலிருந்து புறப்படுவார்கள். வெற்றி என்று ஒன்று அதில் கிடையவே கிடையாது. எவ்வளவு நேரம் தோற்காமல் தாக்குப்பிடித்தோம் என்பதுதான் கணக்கு.

இதை உருவாக்கியவர் ஜப்பானில் டைட்டோ என்ற நிறுவனத்தில் பணியாற்றிய டோமோஹிரோ நிஷிகாடோ. 1944-ல் பிறந்த பொறியாளர். அமெரிக்க அடாரி நிறுவனம் 1976-ல் வெளியிட்ட பிரேக்அவுட், அதாவது பந்தடித்துச் செங்கல் சுவரை உடைக்கும் விளையாட்டு, அவரை மிகவும் கவர்ந்திருந்தது. அதில் சுவர் சும்மா நிற்கிறது. அந்தச் சுவரே உயிர் பெற்றுத் திருப்பி அடித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். முதலில் விமானம், டாங்கி எல்லாம் வரைந்து பார்த்திருக்கிறார். அவற்றின் அசைவு இயல்பாக வரவில்லை. மனித உருவம் நன்றாக அசைந்தது; ஆனால் மனிதனைச் சுட்டு விளையாடுவது கூடாது என்று நிறுவனம் மறுத்துவிட்டது. (இன்றைய விளையாட்டுகளைப் பார்த்தவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.) பிறகுதான் எச்.ஜி. வெல்ஸ் தம் நாவலில் வருணித்த எட்டுக்கால் கணவாய் போன்ற செவ்வாய்க் கிரகவாசிகளை நினைத்துக்கொண்டு கணவாய், நண்டு, ஆக்டோபஸ் வடிவில் எதிரிகளை வரைந்தார். கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் அது மீன் சந்தைதான். ஆட்டம் 1978-ல் ஜப்பானில் வெளிவந்தது. அமெரிக்காவில் மிட்வே நிறுவனம் வெளியிட்டது.

அந்த இயந்திரத்தின் உள்ளே என்ன இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். மூளை, இன்டெல் 8080 என்ற நுண்செயலி. வேகம் 2 மெகாஹெர்ட்ஸ். இன்று நம் சட்டைப்பையில் கிடக்கும் கைபேசியின் செயலி துடிக்கும் வேகம் இதைப்போல் ஆயிரம் மடங்கு. முழு விளையாட்டின் நிரலும் 8 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையை யூனிகோடு தமிழில் சேமித்தால், அதைப்போல் மூன்று நான்கு மடங்கு இடம் பிடிக்கும்! திரையில் 256-க்கு 224 புள்ளிகள். ஒவ்வொன்றும் எரியும் அல்லது அணையும், அவ்வளவே. அந்தப் படத்தை நினைவில் வைத்துக்கொள்ளவே 7 கிலோபைட் போய்விடும். வண்ணமும் உண்மையான வண்ணம் அல்ல. கறுப்பு வெள்ளைத் திரைமேல் நிறத்தாள் பட்டைகளை ஒட்டியிருந்தார்கள். ஊரில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் நீலக் கண்ணாடி மாட்டிக் 'கலர் டிவி' பார்த்தோமே, அதே வித்தைதான்.

இனி இந்த விளையாட்டின் உயிர்நாடிக்கு வருகிறேன். எதிரிகள் குறையக் குறைய மிஞ்சியவர்களின் வேகம் கூடிக்கொண்டே போகும். கடைசி ஒருவன் திரையில் பறப்பான். இது எப்படி வந்தது?

இதை நான் விளக்கியது கணிப்பொறி வகுப்பில் அல்ல, வரதய்யபாளையத்தில், என் தம்பி வீட்டுத் திண்ணையில். எங்கள் சொந்த ஊர் அது. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். தமிழ்நாட்டு எல்லை பக்கத்தில் இருப்பதால் எங்களைப் போன்ற குடும்பங்களில் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. சென்ற முறை போயிருந்தபோது தம்பியின் மருமகள், "பெரிய மாமா, இவன் போனைக் கீழ வெக்கவே மாட்டேங்கறான். நீங்களாச்சும் கொஞ்சம் சொல்லுங்க" என்று பையனை என்முன் நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவள் ஸ்ரீசிட்டியில் ஓர் ஆலையில் ஷிப்டு வேலை பார்ப்பவள். விடியுமுன் பேருந்து வந்துவிடும். பையன் கையில் ஓடிக்கொண்டிருந்தது விண்கலத்தைச் சுடும் ஏதோ ஓர் இலவச விளையாட்டு.

நான் போனைப் பிடுங்கவில்லை. சமையலறையிலிருந்து புளியங்கொட்டை எடுத்து வரச் சொன்னேன். 55 கொட்டைகளை ஐந்து வரிசையாகத் திண்ணையில் அடுக்கினோம். "உன் ஒரு விரல்தான் கணிப்பொறி. ஒரு தடவை தாளம் தட்டினால் ஒரு கொட்டையை மட்டும் ஓர் அங்குலம் தள்ளலாம். எல்லாக் கொட்டையும் ஒரு சுற்று நகர்ந்த பிறகுதான் முதல் கொட்டைக்கு மறுபடி முறை வரும்" என்றேன். தட்டத் தட்டத் தள்ளினான். 55 கொட்டைக்கு 55 தட்டு. பிறகு பாதியை எடுத்துவிடச் சொன்னேன். அதே தாளம், அதே விரல். ஆனால் சுற்று பாதி நேரத்தில் முடிந்துவிட்டது. ஒன்றே ஒன்றை வைத்தபோது ஒவ்வொரு தட்டுக்கும் அது ஓர் அங்குலம் ஓடிற்று. பையன் என்னைப் பார்த்து, "அது வேகமா ஓடல தாத்தா. மத்தவங்களுக்காகக் காத்திருக்க வேணாம், அதான்" என்றான். பொறியியல் கல்லூரி மாணவர்களிடம்கூட இவ்வளவு தெளிவான விடையை நான் எதிர்பார்த்திருக்க மாட்டேன்.

இயந்திரத்தில் நடந்ததும் இதேதான். திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் ஓர் எதிரியை மட்டுமே அந்தச் சிறிய செயலி நகர்த்தியது. 55 பேர் இருக்கும்போது அணி ஓர் அடி வைக்க ஏறத்தாழ ஒரு வினாடி. ஒருவன் மட்டும் இருந்தால் வினாடிக்கு 60 அடி. வேகத்தைக் கூட்டு என்று நிரலில் யாரும் எழுதவில்லை. செயலியின் இயலாமை தானாகவே அதைச் செய்தது. நிஷிகாடோ இதைக் கவனித்தார். திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். அவருடைய கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. அதனுடன் நான்கே நான்கு தாழ்ந்த ஒலிகள், தும் தும் தும் தும் என்று, எதிரிகள் குறையும்போது விரைந்துகொண்டே வரும். அம்மன் கோவில் திருவிழாவில் பம்பைக்காரர் தாளத்தை ஏற்ற ஏற்றச் சாமியாடுபவருக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். காசு போட்டு நின்ற பையன்களுக்கும் ஏறத்தாழ அதே நிலைதான்.

எனக்கும்தான். 1980-ல் லண்டனுக்கு வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் போக இடமில்லை. அறைக்குப் பக்கத்து மீன்-சிப்ஸ் கடையின் மூலையில் ஒரு பெட்டி நின்றது. பத்துப் பென்ஸ் போட்டால் ஆட்டம். அங்கே ஆங்கிலம் பேச வேண்டியதில்லை, என் உச்சரிப்பைக் கேட்டு யாரும் "என்ன சொன்னாய்?" என்று திரும்பக் கேட்கப் போவதில்லை, அந்த வயதில் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். அந்த ஜூலையில் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. ஊரிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் நேர்க்கோட்டில் முப்பது நாற்பது கிலோமீட்டர்தான், இடையில் பழவேற்காடு ஏரி. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி-3 வங்கக் கடலில் விழுந்ததை எழுதியவர், 1980 ஜூலை 18 காலையில் அது ரோகிணிச் செயற்கைக்கோளுடன் மேலே போனதையும் எழுதியிருந்தார். ஊரே தெருவில் நின்று கிழக்கே பார்த்ததாம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வானம் என்பது ஏதோ இறங்கி வரும் இடமல்ல, இங்கிருந்து ஏறிப் போகும் இடம்.

பெற்றோரின் கவலைக்கு வருவோம். அது புதிதல்ல. 1981 மே மாதம் ஜார்ஜ் ஃபோக்ஸ் என்ற தொழிற்கட்சி உறுப்பினர், இந்த இயந்திரங்களுக்கு உள்ளாட்சி அனுமதி கட்டாயமாக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே மசோதா கொண்டுவந்தார். பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போடுகிறார்கள், காசுக்காகத் திருடுகிறார்கள் என்பது அவர் வாதம். எதிர்த்துப் பேசிய கன்சர்வேட்டிவ் உறுப்பினர், தானும் ஆர்வத்தோடு விளையாடுபவன்தான் என்று சபையில் ஒப்புக்கொண்டார். 94-க்கு 114 வாக்குகளில் மசோதா தோற்றது. அதே ஆண்டு பிலிப்பைன்சில் மார்கோஸ் அரசு வீடியோ கேம்களையே தடை செய்தது. ஜப்பானில் 100 யென் நாணயத்துக்கே பஞ்சம் வந்தது என்ற கதையையும் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது நல்ல கதை மட்டுமே. அந்த ஈராண்டுகளில் அந்நாட்டு நாணயச்சாலை வழக்கத்தைவிடக் குறைவாகவே 100 யென் அச்சடித்தது. பஞ்சமென்றால் கூட்டியல்லவா அச்சடித்திருப்பார்கள்?

இன்றைய நிலை வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய இயந்திரம் மூன்று பீரங்கி போனதும் ஆட்டத்தை முடித்தது. காசு தீர்ந்தால் வீட்டுக்கு அனுப்பியது. இப்போதுள்ள பல விளையாட்டுகளுக்கு முடிவே கிடையாது. முடிவு வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவற்றின் வியாபாரம். உலகச் சுகாதார நிறுவனம் விளையாட்டு அடிமைநிலையை நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றியது. ஆகவே அஞ்சும் பெற்றோரைப் பழைமைவாதிகள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தம்பி மருமகளின் சிக்கல் சட்டத்தால் தீராது. 2015-ல் ஸ்ரீசிட்டியில் கைபேசி ஒருங்கிணைக்கும் வேலை தொடங்கியதிலிருந்து சுற்றுவட்டாரப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். வீட்டுக்கு வருமானம் வந்தது. அம்மா இல்லாத நேரமும் வந்தது. அந்த நேரத்தைக் கைபேசி நிரப்புகிறது. இங்கே இரண்டு வேலை பார்க்கும் நம் குடும்பங்களில் நடப்பதும் அதுவேதான். பக்கத்தில் உட்கார ஓர் ஆள் இருந்தால் பையன் கொட்டை எண்ணுகிறான். இல்லாவிட்டால் போனைப் பார்க்கிறான்.

எண்ணுவது என்றதும் இன்னொரு செய்தி. திரையின் உச்சியில் அவ்வப்போது ஒரு பறக்கும் தட்டு கடந்து போகும். அடித்தால் 50 முதல் 300 புள்ளி வரை; அதிர்ஷ்டம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அதிர்ஷ்டமே இல்லை. நாம் சுட்ட குண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது அது. 23-ஆவது குண்டில் அடித்தால் 300. அதற்குப்பின் ஒவ்வொரு 15-ஆவது குண்டிலும் 300. இதைக் கண்டுபிடித்தவர்கள் காசு போட்டு நின்று எண்ணிய ஆட்டக்காரர்களே.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2013-ல் இந்த விளையாட்டைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. 'இன்வேடர்' என்ற பெயரில் மறைந்து வாழும் பிரெஞ்சுக் கலைஞர் இந்த நண்டுகளையும் கணவாய்களையும் சிறு ஓடுகளால் உலக நகரங்களின் சுவர்களில் பதித்து வருகிறார். 2015-ல் ஒன்று பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கே போய்ச் சேர்ந்தது.

தம்பியின் பேரனிடமிருந்து சென்ற வாரம் தொலைபேசி வந்தது. கொட்டைகளை ஒரே விரலுக்குப் பதில் இரண்டு விரலால் தள்ளினால் கணிப்பொறிக்கு என்ன பெயர் என்று கேட்டான். இரட்டை மையச் செயலி என்றேன். அப்படியானால் எதிரிகள் தொடக்கத்திலிருந்தே இரட்டை வேகத்தில் வருவார்களே, எப்படி அடிப்பது என்றான். அதற்கு நான் சொன்ன விடையைத் தமிழ்ப் பள்ளிக்கு அடுத்து வரும்போது பிள்ளைகளிடமே கேட்கப் போகிறேன். 55 புளியங்கொட்டை நான் கொண்டு வருகிறேன். கேரம் பலகை இருப்பவர்கள் ஒன்று எடுத்து வந்தால் நல்லது.