பரிசு வாங்கப் போறீங்களா... உஷார்!

ஜவுளிக்கடையில் கூப்பன் எழுதிப் போட்ட என் நாத்தனாருக்கு, 'பரிசு விழுந்திருக்கு; ஜோடியா ஓட்டலுக்கு வாங்க' என்று போன் வந்தது. நானும் துணைக்குப் போனேன். ஊட்டி, கோவா என்று இரண்டு மணி நேரம் படம் காட்டிவிட்டு, 'ஹாலிடே கிளப்பில் இன்னைக்கே சேர்ந்தா ஒன்றரை லட்சம். நாளைக்கு இந்த விலை கிடையாது' என்றனர்.

'ஒப்பந்தத்தைக் கொடுங்க, வீட்டில் படிச்சுட்டு வர்றோம்' என்றேன். தரமாட்டார்களாம்! அங்கேயே புரட்டினேன். டூர் போனாலும் போகாவிட்டாலும் வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம். அறை காலியிருந்தால்தான் கிடைக்கும். கட்டிய பணம் திரும்ப வராது. எல்லாம் பொடி எழுத்தில்! எழுந்து வந்துவிட்டோம்.

தோழியரே, வாயால் சொல்வது கணக்கில் வராது. தாளில் இருப்பதே செல்லும். ஏற்கனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கும் போடலாம்.

- ஒரு வாசகி, மதுரை.