காற்றைக் குறைத்தால் மணல் தாங்கும்

சைக்கிள் மணலில் சிக்கி நின்றுவிட்டால் பழி முழுவதும் காலின்மேல் விழுகிறது. இன்னும் அழுத்தி மிதித்திருக்க வேண்டும், கியரை முன்னாலேயே மாற்றியிருக்க வேண்டும், உடம்பில் தெம்பு போதவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் டயருக்குள் இருக்கிறது. தார்ச்சாலைக்கு என்று இறுக்கி அடைத்த காற்றோடு மணலில் இறங்கியவர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் சிறிது தூரத்தில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். இதைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே சுமார் 200 கி.மீ. தொலைவில் உள்ள ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காதான் அது. 1936-இல் தேசிய நினைவிடமாகவும் 1994-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இந்தப் பாலைநிலத்தின் பரப்பு ஏறத்தாழ 3,200 சதுர கி.மீ. இதற்குள் தார் போடாத மண்சாலைகள் பல ஓடுகின்றன. நடைபாதைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. மோட்டார் வண்டிகள் போகும் சாலைகளில் மட்டுமே ஓட்டலாம். ஆகவே இங்கே சைக்கிள் ஓட்ட நினைப்பவர் தார்ச்சாலையை விட்டால் இந்த மண்சாலைகளோடுதான் மல்லுக்கு நிற்க வேண்டும்.

பாலைவனம் என்றதும் மனதில் எழும் காற்று குவித்த மணல்மேடுகள் இந்தச் சாலைகளில் இல்லை. இங்கே மணலுக்குத் தாய் கருங்கல். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் வயதான கருங்கல் பாறைகள் ஈரத்தாலும் வெப்பத்தாலும் மெல்ல உதிர்ந்து, கரடுமுரடான, முனை மழுங்காத பருமணலாகின்றன. எப்போதாவது கொட்டும் இடிமழையில் வரும் வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய் ஓடைப் படுகைகளில் பரப்புகிறது. சாலை ஓர் ஓடையைக் கடக்கும் இடத்தில் மணல் ஆழமாக இருக்கும். அடுத்த மேட்டில் தரை இறுகிக் கிடக்கும். நிலவியல் சுற்றுச்சாலை என்று பெயர் பெற்ற 29 கி.மீ. வழியின் குணமே இதுதான். கெட்டித் தரையும் புதைமணலும் மாறி மாறி வரும். போகும்போது சுகமான இறக்கமாக இருந்தது, திரும்பும்போது மணலோடு சேர்ந்த ஏற்றமாகிறது. இத்தோடு கார்கள் ஏற்படுத்தும் தொல்லையும் உண்டு. மண்சாலையின் குறுக்கே வரிவரியாக எழும் மேடுபள்ளங்களைப் பற்றி கீத் மேதர் என்ற ஆய்வாளர் 1963-இல் எழுதினார். ஒரு சிறு சக்கரத்தை மணல்மேல் வட்டமாகச் சுழலவிட்டுப் பார்த்தவர் அவர். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் சக்கரம் சிறு மேடு ஒன்றில் எகிறி, விழும் இடத்தில் பள்ளம் பறித்து, மணலை முன்னே தள்ளி அடுத்த மேட்டைத் தானே உண்டாக்குகிறது. 2007-இல் இயற்பியலாளர்கள் மறுபடி சோதித்தபோதும் அதுவே உறுதியானது. வண்டியின் ஸ்பிரிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. வேகம்தான் விதை. கார்கள் போட்ட அந்த வரிகளுக்குத் தப்பி ஓரத்துக்கு ஒதுங்கும் சைக்கிள்காரர், அதே கார்கள் ஒதுக்கித் தள்ளிய உதிரி மணலில் போய் மாட்டிக்கொள்கிறார்.

அந்த மணல் எவ்வளவு வலிமையைக் கேட்கிறது என்று கணக்கிடலாம். ஆள், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று கொள்வோம். நல்ல தார்ச்சாலையில் உருளும் சக்கரத்துக்கு எதிர்ப்பு, மொத்த எடையில் சுமார் 200-இல் ஒரு பங்கு. உதிரி மணலில் அது 10-இல் ஒரு பங்காவதும், அதற்கு மேலே போவதும் சாதாரணம். பத்தில் ஒரு பங்கு என்றால், சமதரையில் போகும்போதே நூற்றுக்குப் பத்து என்ற செங்குத்தான ஏற்றத்தில் மிதிப்பதற்குச் சமம். நடுத்தர உடற்தகுதி உள்ளவர் தொடர்ந்து 150 வாட் திறன் தருவார் எனக் கொண்டால், இந்த எதிர்ப்பில் அவர் வேகம் மணிக்கு 6 கி.மீ. எதிர்ப்பு இரண்டு மடங்கானால் 3 கி.மீ. நடப்பவரே அவரை முந்திவிடுவார். எதிர்ப்பைப் பாதியாக்கினால் 12 கி.மீ. கிடைக்கும். மூன்று எண்களில் எது வேண்டும் என்பது வெறும் சௌகரியப் பிரச்சினை இல்லை. ஓட்டுபவர் சைக்கிளின்மேல் இருப்பாரா, கீழே இருப்பாரா என்பதையே அது தீர்மானிக்கிறது.

காரணம் சமநிலை. சைக்கிள் நிமிர்ந்து நிற்பது ஓயாத சிறு திருத்தங்களால். இடப்பக்கம் சாய்ந்தால் முன்சக்கரம் இடப்பக்கம் திரும்பி, சாயும் உடலுக்குக் கீழே போய்த் தாங்குகிறது. ஓட்டுபவர் அறியாமலேயே நொடிக்கு நொடி இது நடக்கிறது. வேகம் குறையக் குறைய அதே சாய்வைச் சரிசெய்ய ஹேண்டில்பாரை மிக அதிகமாகத் திருப்ப வேண்டியிருக்கும். மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் கெட்டித் தரையிலேயே தடுமாற்றம்தான். மணலிலோ திரும்பிய முன்சக்கரம் உருளாமல் மணலை வாரித் தள்ளுகிறது. தள்ளிய மணல் அதன் முன்னால் குவிந்து தடுக்கிறது. திருத்தம் தேவைப்படும் நேரத்தில் திருத்தும் கருவியே முடங்கிப்போகிறது. மணலில் விழுபவரைக் கவனித்தால், பெரும்பாலும் முன்சக்கரம் புதைந்து திரும்பிக்கொண்ட பிறகே அவர் விழுகிறார் என்பது தெரியும். அனுபவசாலிகள் சொல்லும் அறிவுரைகள் எல்லாம் இங்கிருந்து வருபவை: எடையைப் பின்னுக்குச் சாய்த்துக்கொள், பிடியைத் தளர்த்து, வெடுக்கென்று திருப்பாதே, மணல் வரும் முன்பே வேகம் சேர். அவை சரியான அறிவுரைகள்தான். ஆனால் சக்கரம் புதைந்த பிறகு வரும் நோயையே அவை சமாளிக்கின்றன. புதையாமல் தடுப்பது வேறொன்று.

பின்சக்கரத்தின்மேல் 55 கிலோ எடை இருக்கிறது என்றால், அதைத் தாங்க டயர் தரையில் எவ்வளவு பரப்பைத் தொட வேண்டும்? டயரின் சொந்த விறைப்பை ஒதுக்கிவிட்டால், எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தாலே விடை வந்துவிடும். சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ அழுத்தத்தில் 18 சதுர செ.மீ., ஏறக்குறைய ஒரு தீப்பெட்டியின் பரப்பு. அழுத்தத்தை அரை கிலோவாக இறக்கினால் 110 சதுர செ.மீ., ஏறக்குறைய ஓர் உள்ளங்கை. எடை அதேதான். மணலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் தாங்கும் பாரம் ஆறில் ஒன்றாகிவிட்டது. உலர்ந்த மணலில் துகளோடு துகள் ஒட்டுவதில்லை, உராய்வு மட்டுமே உண்டு. தாங்க முடியாத பாரம் வந்தால் துகள்கள் பக்கவாட்டில் நழுவி வழிவிட, சக்கரம் இறங்குகிறது. இறங்கிய சக்கரம் தான் பறித்த பள்ளத்தின் சுவரை ஒவ்வொரு அங்குலமும் ஏறிக்கொண்டே போக வேண்டும். காலின் உழைப்பெல்லாம் இப்படிப் பள்ளம் பறிப்பதிலேயே தீர்ந்துபோகிறது.

இந்த உண்மையை முதலில் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் கார் ஓட்டிகள். ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1920-களிலும் 30-களிலும் லிபியப் பாலைவனத்தில் ஃபோர்டு கார்களோடு அலைந்தார். டயர்களில் காற்றைக் குறைத்து, யாரும் ஏற முடியாது என்று விட்டிருந்த மணல்மேடுகளில் ஏறினார். பின்னர் 1941-இல் மணலின் இயற்பியலைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் அத்துறையின் அடிப்படை. அவருக்குப் பின் வந்த போலந்துப் பொறியாளர் மியேச்சிஸ்வாஃப் பெக்கர், மென்தரையில் வண்டிகள் எப்படி அமிழ்கின்றன என்பதைத் தனி அறிவியலாகவே வளர்த்தார். 1971-இல் நிலவில் ஓடிய வண்டியின் உருவாக்கத்திலும் அவர் பங்கு இருந்தது. பெக்கரின் ஒரு முடிவு சைக்கிள்காரருக்கு நேரடியாகப் பயன்படும். தொடும் பரப்பு ஒரே அளவு என்றால், அது அகலமாகவும் குட்டையாகவும் இருப்பதைவிட ஒடுக்கமாகவும் நீளமாகவும் இருப்பது நல்லது. ஏனென்றால் வண்டி பறிக்கும் பள்ளத்தின் அகலத்துக்கு ஏற்பவே எதிர்ப்பும் கூடுகிறது. காற்றைக் குறைக்கும்போது டயரின் தடம் முக்கியமாக நீளத்தில்தான் வளர்கிறது. அகலமான டயரை வாங்கி அதில் காற்றை இறுக்கி அடைத்தவர் பாதிக் காசை வீணாக்கியவர். டயரின் அகலம் உண்மையில் ஒரு காப்பு. மெல்லிய டயரில் இவ்வளவு காற்றைக் குறைத்தால் முதல் கல்லிலேயே ரிம் தரையில் இடித்து ட்யூப் வெட்டுப்படும். பருத்த டயர் அந்த ஆபத்து இல்லாமல் காற்றைக் குறைக்க இடம் தருகிறது.

பருத்த டயர் சைக்கிளின் வரலாறும் இதையே சொல்கிறது. அலாஸ்காவில் பனியில் ஓட்ட விரும்பியவர்கள் இரண்டு ரிம்களை ஒட்டவைத்து அகலமாக்கினார்கள். நியூ மெக்சிகோவின் ரே மோலினா மணல்மேடுகளுக்கும் வறண்ட ஓடைகளுக்கும் என்றே அகன்ற ரிம்மும் டயரும் செய்தார். 2005-இல் சர்லி நிறுவனத்தின் பக்ஸ்லி, 3.7 அங்குல டயரோடு கடைக்கு வந்தபோது இது எல்லோருக்குமான பொருளானது. இதற்கு நூறாண்டுக்கு முன் மெல்லிய டயரோடு மணலைக் கடந்தவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்தால் வாதம் இன்னும் தெளிவாகும். 1897-இல் அமெரிக்க ராணுவத்தின் 25-ஆம் காலாட்படையைச் சேர்ந்த கறுப்பின வீரர்கள், மொண்டானாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை சுமார் 3,000 கி.மீ. சைக்கிளில் சென்றார்கள். ராக்கி மலைகளையே தாண்டியவர்கள் நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளில் திணறி, ரயில் தண்டவாளத்தின் கட்டைகள்மேல் போக வேண்டியதாயிற்று. ராணுவ வீரர்களுக்குக் காலில் வலு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதே 1890-களில் மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்கவயல்களில் சைக்கிள் தாராளமாக ஓடியது. அங்கே ஒட்டகங்கள் வரிசையாக நடந்து நடந்து இறுக்கிய ஒற்றையடித் தடங்கள் இருந்தன. ஒட்டகத்தின் அகன்ற மெத்தைப் பாதம் மணலைக் கலைக்காமல் அமுக்குகிறது. அந்தத் தடத்தின்மேல் மெல்லிய டயரும் ஓடியது. டயர் செய்யாத வேலையை அங்கே தரை செய்துகொடுத்தது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் ஒன்று, மெல்லிய டயர் மேல்மணலை வெட்டிக்கொண்டு போய் அடியிலுள்ள கெட்டித் தரையைப் பிடிக்கும் என்பது. விரற்கடை ஆழ மணலுக்கு அது உண்மை. ஆனால் ஓடைப் படுகையில் அடித்தரை எங்கே இருக்கிறது என்பது ஓட்டுபவருக்குத் தெரியாது. காற்றைக் குறைத்தால் கெட்டித் தரையில் சைக்கிள் மந்தமாகும் என்பது இன்னொன்று. இதை மறுக்க முடியாது, அதுதான் இதற்குக் கொடுக்கும் விலை. கையில் ஒரு பம்ப் இருந்தால் விலை பாதியாகும். மூன்றாவது வாதம் இந்தக் காலத்துக்குரியது: மோட்டார் பொருத்திய சைக்கிள் இருக்க டயரைப் பற்றி ஏன் கவலை? மணல் பின்சக்கரத்துக்குத் தரும் பிடிப்புக்கு ஓர் எல்லை உண்டு, அது சக்கரத்தின் மேலுள்ள எடையையும் மணலின் உராய்வையும் பொறுத்தது. அந்த எல்லைக்கு மேல் எவ்வளவு திறன் கொடுத்தாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று குழி தோண்டும். காலுக்குப் பதில் மோட்டார் தோண்டுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

இவற்றைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. அரை கிலோ அழுத்தம் என்பது மனிதன் ஒற்றைக் காலை ஊன்றும்போது தரையில் விழும் அழுத்தத்தை ஒத்தது. அப்படியானால் சைக்கிளைச் சாலைக்குள் அடைத்துவைப்பது ஏன், திறந்த பாலையில் விட்டால் என்ன? இங்கே அழுத்தக் கணக்கு கைகொடுக்காது. இந்தப் பாலையின் சாலையோரத் தரையில், சில மில்லிமீட்டர் தடிப்பில், நீலப்பச்சை நுண்ணுயிர்களும் பாசிகளும் லைக்கன்களும் மண்துகள்களைப் பிணைத்து ஓர் ஓடு போர்த்தியிருக்கின்றன. காற்றும் மழையும் மண்ணை அரித்துப் போகாமல் காப்பது அந்த ஓடுதான். உடைந்தால் மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் அமெரிக்க ராணுவத்தின் ஜெனரல் பேட்டன் இந்தப் பூங்காவின் தெற்கு ஓரத்தை ஒட்டி டாங்கிப் படைக்குப் பயிற்சி முகாம் அமைத்தார். அந்தக் காலத்து நடுத்தர டாங்கி, அகன்ற தடச்சங்கிலியால் எடையைப் பரப்பி, தரையில் செலுத்திய அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோதான். காற்று இறுகிய சைக்கிள் டயரைவிட அது குறைவு. ஆனாலும் அந்தப் பாலையில் டாங்கித் தடங்களை இன்றும் காணலாம். அழுத்தம் குறைவாக இருந்தால் மணல் தாங்கும், ஓடு தாங்காது. மேலும் காலடிகள் விட்டுவிட்டு விழுகின்றன, சக்கரமோ இடைவெளியில்லாத ஒரு கோட்டைக் கிழிக்கிறது. மழைநீர் அந்தக் கோட்டைக் கால்வாயாக்கிக்கொள்ளும். வளை தோண்டி வாழும், 1990-இலிருந்து சட்டப்படி காக்கப்படும் பாலை ஆமைக்கும் சாலை விலகிய சக்கரம் ஆபத்துதான். ஆகவே பூங்காவின் விதி வெறும் அதிகாரப் பிடிவாதம் இல்லை. சாலை ஏற்கெனவே சிதைந்த தரை, அங்கே ஓட்டுவதால் புதிதாகச் சிதைய ஒன்றுமில்லை.

மெல்லிய டயரோடு வருபவர் பூங்காவுக்குள் உள்ள குவீன் பள்ளத்தாக்கின் மண்சாலைகளில் தொடங்கலாம். ஆழ்மணலுக்குப் பருத்த டயரே மேல். மழை பெய்து ஓரிரு நாள் கழித்துப் போனால் இன்னும் நல்லது. துகள்களுக்கிடையே தங்கிய ஈரம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்து மணலை இறுக்குகிறது. ஆனால் மழை பெய்யும்போதே ஓடைகளில் இறங்கக் கூடாது, வெள்ளம் சொல்லிக்கொண்டு வராது. முள்ளுக்கும் ஏற்பாடு வேண்டும். நம்மூர்த் தரிசில் கிடக்கும் அதே நெருஞ்சி தென்கலிஃபோர்னியாவின் சாலையோரங்களிலும் களையாகப் பரவிக் கிடக்கிறது. ட்யூப் இல்லாத டயருக்குள் ஓட்டையைத் தானே அடைக்கும் பால் போன்ற திரவத்தை ஊற்றிவைப்பது அங்கே வழக்கம். தண்ணீர் பூங்காவின் பெரும்பகுதியில் கிடையாது. வெயிலில் உடல் உழைப்பவருக்கு நாளொன்றுக்கு இரண்டு கேலன், அதாவது ஏழரை லிட்டர், தேவை. கோடையில் 38 டிகிரியைத் தாண்டும் வெயிலில் அதுவும் போதாமல் போகலாம். இந்த ஏழரை கிலோவை முதுகில் சுமந்தால் சமநிலை கெடும், ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் முன்சக்கரம் புதையும். சட்டகத்தின் நடுவில் தாழக் கட்டிவிட்டு, கூடிய எடைக்குக் காற்றை எவ்வளவு மாற்றுவது என்பதை முதல் ஓடைப் படுகையில் நின்று, தடத்தின் ஆழத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.