செப்டிக் டேங்குக்கு ஆசிட் ஆகுமா?

டாய்லெட் பளிச்சென்று இருக்க அரை பாட்டில் ஆசிட்டைக் கவிழ்க்கிறோம். அது போய்ச் சேரும் செப்டிக் டேங்கில் கழிவைச் செரிப்பவை காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள். ஆசிட், பிளீச்சிங் பவுடர், பினாயில் எதுவும் நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பார்ப்பதில்லை. பாக்டீரியா குறைந்தால் அடியில் கசடு சீக்கிரம் சேரும். கசடை உறிஞ்சும் லாரியை அடிக்கடி கூப்பிட வேண்டும்.

கொஞ்சமாக ஊற்றினால் தொட்டித் தண்ணீரில் நீர்த்துவிடும். மொத்தமாகக் கொட்டுவதுதான் வம்பு. தினசரிக்குச் சோப்புத்தூளும் பிரஷும் போதும். மஞ்சள் கறைக்கு வினிகர் ஊற்றி, அரை மணி ஊறவிட்டுத் தேயுங்கள். கடையில் விற்கும் பாக்டீரியா பவுடரா? தேவையான பாக்டீரியா மலத்திலேயே இருக்கிறது, காசு மிச்சம்.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் மட்டும் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் என்னும் நச்சுவாயு கிளம்பும்.