பண்டிகைப் பலகாரமும் குறைய வேண்டிய ஐந்து கிலோவும்

"உடல் நிறையைக் குறைக்க வேண்டும்" என்று வைத்தியர் சொன்னதும் எமது பெண்கள் முதலில் கைவிடுவது எதனை? பெரும்பாலும் பலகாரத்தைத்தான். "இனி இனிப்புப் பக்கமே போகமாட்டேன்" என்று சபதம் எடுப்பார்கள். இரண்டு மாதம் கழித்துச் சித்திரை வருடப்பிறப்பு வரும். வீட்டில் அரியதரமும் முறுக்கும் பயற்றம் பணியாரமும் தட்டு நிறைய இருக்கும். ஒன்று வாயில் போகும். "சபதந்தான் முறிந்துவிட்டதே, இனியென்ன?" என்று நான்கைந்து தொடரும். அடுத்த திங்கட்கிழமை மீண்டும் ஒரு புதிய சபதம்! இப்படியே வருடங்கள் கழிகின்றன. நிறை மாத்திரம் குறைவதில்லை.

இந்த விடயம் பற்றி எழுத எனக்கும் காரணம் உண்டு. எனக்கு வயது நாற்பத்தாறு. மட்டக்களப்பில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். என் தாயார் நீண்டகால நீரிழிவு நோயாளி. காலில் வந்த சிறு புண் ஆறாமல், இரண்டு விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று. கடந்த வருடம் எனது இரத்தத்தைப் பரிசோதித்தபோது, வெறும் வயிற்றில் சீனியின் அளவு 112 ஆக இருந்தது. 126 அல்லது அதற்கு மேற்பட்டால் நீரிழிவு என்பார்கள். நான் நோயாளியாகவில்லை, ஆனால் நோயின் வாசற்படியில் நின்றேன். அப்போது எனது நிறை 72 கிலோ. "ஐந்து கிலோ குறையுங்கள், தினமும் நடவுங்கள்" என்றார் வைத்தியர்.

ஏன் ஐந்து கிலோ? இதற்கு ஓர் ஆதாரம் உண்டு. நீரிழிவின் வாசற்படியில் நின்ற மூவாயிரத்திற்கும் அதிகமானோரை வைத்து அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவு 2002 ஆம் ஆண்டு வெளியானது. உடல் நிறையில் நூற்றுக்கு 7 பங்கைக் குறைப்பது, வாரத்தில் 150 நிமிடம் நடப்பது போன்ற உடற்பயிற்சி செய்வது என்ற இரு இலக்குகளும் ஒரு பிரிவினருக்குக் கொடுக்கப்பட்டன. அவர்களிடையே நீரிழிவு ஏற்படுவது, வெற்று மாத்திரை பெற்ற பிரிவினரை விட 58 சதவீதம் குறைந்திருந்தது. 72 கிலோவில் 7 சதவீதம் என்பது ஏறக்குறைய ஐந்து கிலோ. பெரிய மலையல்ல, ஏறக்கூடிய மேடுதான். பத்து மாதங்களில் நாலரைக் கிலோ குறைத்துவிட்டேன். இந்தப் பத்து மாதங்களுக்குள் தீபாவளியும் தைப்பொங்கலும் சித்திரையும் வந்துபோயின. மூன்றிலும் பலகாரம் சாப்பிட்டேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 5 கிராம். அதில் 20 கலோரி உண்டு. நாளொன்றுக்கு நான்கு கோப்பைத் தேநீர், கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக் கரண்டி, அதாவது 40 கிராம் சீனி, 160 கலோரி. ஒரு வருடத்திற்கு இது 58,400 கலோரி ஆகிறது.

இப்போது பண்டிகைகளைப் பார்ப்போம். பொங்கல், சித்திரை, ஆடிப்பிறப்பு, தீபாவளி, அயலவரின் பெருநாள்கள், நத்தார், இடையிடையே சில கலியாண வீடுகள் என்று வருடத்தில் பதினைந்து நாட்கள் வரும். ஒவ்வொரு நாளும் வழமையை விட 700 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டாலும், வருடத்திற்கு 10,500 கலோரிதான். தேநீர்ச் சீனி அதை விட ஐந்து மடங்கிற்கும் மேல்!

உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, நாளொன்றுக்குச் சேர்க்கும் சீனியைச் சுமார் 25 கிராமிற்குள், அதாவது ஏறக்குறைய ஆறு தேக்கரண்டிக்குள் வைத்திருப்பது நல்லது. தேநீர் மட்டுமே அதனைத் தாண்டிவிடுகிறது. வருடத்தில் 350 நாட்கள் செய்வதை விட்டுவிட்டு, 15 நாட்கள் செய்வதை மட்டும் குற்றம் சாட்டுகிறோம்.

ஆகவே நான் கை வைத்தது தேநீரில். முதல் மாதம் இரண்டு கரண்டியை ஒன்றாக்கினேன். அடுத்த மாதம் அரைக் கரண்டி. இப்போது இஞ்சி தட்டிப்போட்ட வெறுந்தேநீர், சீனியின்றி. நாக்கு பழகிவிடும் சகோதரிகளே! அத்துடன், பாடசாலை இடைவேளையில் தினமும் உண்ட றோல்ஸிற்குப் பதிலாகக் கடலையோ வாழைப்பழமோ கொண்டு போகிறேன். மதியம் தட்டில் அரைப்பங்கு கீரையும் மரக்கறியும், மிகுதியில்தான் சோறும் மீனும். மாலையில் அரைமணி நேர நடை.

மறுநாள் தராசு சொல்வது

பண்டிகை முடிந்த மறுநாள் காலையில் தராசில் ஏறி, ஒரு கிலோ கூடிவிட்டது என்று அழுதவர்களை நான் அறிவேன். அந்த ஒரு கிலோ கொழுப்பல்ல. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. 700 கலோரி மேலதிகமாக உண்டால் 100 கிராம் கொழுப்புக்கூடச் சேராது. பின் எங்கிருந்து வந்தது அந்த நிறை? உப்பு உடலில் நீரைத் தேக்குகிறது. மாச்சத்து தசைகளிலும் ஈரலிலும் சேமிக்கப்படும்போது, ஒரு கிராமிற்கு மூன்று கிராம் அளவு நீரும் சேர்ந்து தங்குகிறது. வழமையான சாப்பாட்டிற்குத் திரும்பினால் சில நாட்களில் அந்த நீர் போய்விடும். ஆகவே நான் வாரத்தில் ஒருநாள், புதன்கிழமை காலையில் மட்டும் நிறை பார்க்கிறேன். பண்டிகைக்கு மறுநாள் தராசுப் பக்கம் போவதில்லை.

"கெட்டது கெட்டதுதானே!"

உண்மையான ஆபத்து முதலாவது அரியதரத்தில் இல்லை. அதற்குப் பின் வரும் எண்ணத்தில்தான் இருக்கிறது. 1975 ஆம் ஆண்டு பீற்றர் ஹேர்மன், டெபோரா மாக் என்ற ஆய்வாளர்கள் பல்கலைக்கழக மாணவியரிடம் ஒரு பரிசோதனை செய்தனர். சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்தனர், சிலருக்குக் கொடுக்கவில்லை. பின்னர் எல்லோருக்கும் ஐஸ்கிறீம் வைத்து, சுவை பார்க்கச் சொன்னார்கள். உணவைக் கட்டுப்படுத்தாதவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிறீமைக் குறைவாக உண்டார்கள். ஆனால் எப்போதும் உணவைக் கட்டுப்படுத்தி வந்தவர்களோ, மில்க் ஷேக் குடித்த பின்னர்தான் கூடுதலாக ஐஸ்கிறீம் உண்டார்கள்! கட்டுப்பாடு முறிந்தது என்ற எண்ணமே அவர்களை மேலும் உண்ணச் செய்தது.

பலகாரத்தை முற்றாக விலக்கிய திட்டம், முதற் பலகாரத்திலேயே முறிந்துவிடுகிறது. பலகாரத்திற்கு இடம் வைத்த திட்டம் முறிவதில்லை. இதுதான் இந்தப் பத்து மாதங்களில் நான் கண்டது.

நான் கைக்கொள்ளும் சில முறைகள்

முன்கூட்டியே தீர்மானியுங்கள். தீபாவளியன்று எதனை, எத்தனை சாப்பிடப் போகிறேன் என்று முதல் நாளே முடிவு செய்துவிடுவேன். வருடத்தில் ஒருமுறை கிடைப்பதற்கே முதலிடம். கடையில் என்றும் கிடைக்கும் பிஸ்கட்டிற்கும் கேக்கிற்கும் அன்று இடமில்லை.

இருந்து சாப்பிடுங்கள். எமது வீடுகளில் பெண்கள் பலகாரம் சாப்பிடுவது எப்படி? சுடும்போது உடைந்த முறுக்கு, பதம் பார்க்க ஒன்று, பிள்ளை மிச்சம் வைத்த அரைவாசி என்று அடுப்படியில் நின்றபடியே வயிறு நிரம்பிவிடுகிறது. விருந்தினர் போன பின்னர் தட்டில் வைத்துச் சாப்பிட்டோமா என்றால் இல்லை. கணக்கில் வராமலும் ருசி தெரியாமலும் போகும் சாப்பாடு இது. பிள்ளைகளோடும் கணவரோடும் சமமாக அமர்ந்து, தட்டில் எடுத்து, ஆறுதலாக உண்ணுங்கள். அது எங்கள் உரிமையும்கூட.

அன்பை மறுக்க வேண்டாம், அளவைக் குறையுங்கள். எங்கள் அயலவர் ஒரு முஸ்லிம் குடும்பம். நோன்புப் பெருநாளன்று அங்கிருந்து வட்டிலப்பம் வரும். பொங்கலன்று இங்கிருந்து பொங்கல் போகும். எனது பரிசோதனை பற்றி அவரிடம் மனம் திறந்து சொன்னேன். "உங்களுக்கெண்டு சின்னக் கிண்ணத்தில போட்டிருக்கன் ரீச்சர்" என்று இம்முறை சிரித்தபடி தந்தார். ஒளிக்காமல் சொன்னால் உறவு முறியாது, உதவியாகவே மாறும்.

கருப்பட்டி என்று ஏமாற வேண்டாம். பனங்கட்டியும் கித்துள் கருப்பட்டியும் மணத்தாலும் ருசியாலும் உயர்ந்தவைதான். ஆனால் கலோரியில் சீனிக்குக் கிட்டத்தட்ட சமமே.

குளிர்பானத்தைத் தவிருங்கள். பலகாரத்தோடு சோடாவும் சேர்ந்தால் இனிப்பின் மேல் இனிப்பு. குளிர்பானங்களில் சீனியின் அளவை வர்ணத்தால் காட்ட வேண்டும் என்ற விதி எமது நாட்டில் 2016 இல் வந்தது. சிவப்பு என்றால் சீனி அதிகம். அன்று எனக்குத் தண்ணீரே பானம்.

பட்டினி கிடக்க வேண்டாம். மாலையில் விருந்து என்று காலையில் உண்ணாமல் விட்டால், பசியில் அளவு தெரியாது. மறுநாள் தண்டனையாக உபவாசம் இருப்பதும் அப்படியே. மறுநாள் வழமையான சாப்பாடு, வழமையான நடை. அவ்வளவுதான்.

மிச்சத்தைப் பகிருங்கள். தகரம் நிறையப் பலகாரம் வீட்டில் இருந்தால், ஒருநாள் பண்டிகை ஒருமாதப் பண்டிகையாகிவிடும். மூன்றாம் நாளே பகிர்ந்து கொடுத்துவிடுகிறேன்.

ஒரு கவனம்

ஏற்கனவே நீரிழிவிற்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள், பண்டிகை உணவு பற்றித் தமது வைத்தியரிடம் கேட்டே நடக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தாமாகவே நிறை குறைக்க முற்படக் கூடாது. உண்ணத் தொடங்கினால் நிறுத்த முடியாத நிலை அடிக்கடி ஏற்பட்டால், வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

சகோதரிகளே, ஓர் அளவு நாடாவை எடுத்து இன்றே இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். 80 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால், அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போய் இரத்தத்தைப் பரிசோதியுங்கள். நாளை காலை தேநீரில் எத்தனை கரண்டி சீனி போடுகிறீர்கள் என்று எண்ணி, அதில் ஒரு கரண்டியைக் குறையுங்கள். அடுத்த பண்டிகைக்கு அரியதரம் சுடும்போது, உங்களுக்கும் ஒரு தட்டு வையுங்கள்.