மண் அணைகள் – 9: பத்து நாள் ஏரி

சென்ற வாரம் ஜான்ஸ்டவுனில் நிறுத்தியிருந்தோம். 1889-ல் அந்த ஊரை அழித்த சவுத் ஃபோர்க் அணையின் அடிக்குழாய்களை ஒரு முன்னாள் உரிமையாளர் பிடுங்கிப் பழைய இரும்பாக விற்றிருந்தார். பின்னால் வந்தவர்கள், வளர்த்த மீன் தப்பிவிடக் கூடாது என்று கலங்கலில் கம்பி வலை கட்டினார்கள். தண்ணீருக்கு வெளியேற வழியில்லாத மண் கரைக்கு என்ன நேருமோ அது நேர்ந்தது. 2,200-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இந்த வாரம் பார்க்கும் சின்ன அணைகளில் குழாயும் கலங்கலும்தான் எல்லாமே. அந்த இரண்டுக்கும் துணையாகத்தான் கரை நிற்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

இடம், அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் மேற்குப் பகுதி. வாஷிட்டா ஆற்றின் மேல்படுகை. செம்மண் பூமி, கோதுமை, பருத்தி, மாடு. மழை குறைச்சல்தான், ஆனால் பெய்கிறபோது ஒரே இரவில் கொட்டித் தீர்த்துவிடும். 1930-களின் வறட்சியும் புழுதிப் புயலும் அந்தப் பக்கத்து மக்களை ஊரைவிட்டே துரத்திக்கொண்டிருந்த காலம். அதற்கு நடுவில், 1934 ஏப்ரலில், வாஷிட்டா பொங்கி ஹாமன் என்ற சிற்றூரின் பக்கம் 17 பேரைக் கொண்டுபோயிற்று. வறட்சியில் வெள்ளம் எப்படி வரும் என்று கேட்கலாம். மாடுகள் மேய்ந்து தீர்த்த புல்வெளியிலும் உழுது வெறுமையாகக் கிடந்த வயலிலும் மழை இறங்குவதில்லை. வழித்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடுகிறது, மேல்மண்ணையும் சேர்த்து.

அந்நாளில் அங்கே வெள்ளத் தடுப்பு என்றால் ராணுவப் பொறியாளர் படைதான். அவர்களுக்குப் பெரிய ஆறு வேண்டும், பெரிய அணை வேண்டும். ரெட் ஆற்றின் குறுக்கே அவர்கள் எழுப்பிய டெனிசன் அணை 1944-ல் முடிந்தது. அது நிற்பது வாஷிட்டா போய்ச் சேரும் இடத்துக்கும் கீழே. அதனால் ஹாமன்காரருக்கு என்ன லாபம்? அவர் வயலை மூழ்கடித்துவிட்டுப் போன தண்ணீர்தானே அங்கே போய்ச் சேருகிறது!

மேட்டில் விழுவதை மேட்டிலேயே, ஓடை ஓடையாக மறிக்க வேண்டும் என்று ஒரு கட்சி கிளம்பியது. ஷையென் என்ற ஊரின் வங்கிக்காரர் எல்.எல். மேல்ஸ் அதில் முன்னால் நின்றார். வாஷிங்டனில் அதற்குத் தோள் கொடுத்தது, ஹ்யூ பென்னட் தலைமையில் இருந்த மண் பாதுகாப்புத் துறை. 1944-ம் ஆண்டு வெள்ளத் தடுப்புச் சட்டம் 11 ஆற்றுப் படுகைகளில் இந்த முறைக்கு அனுமதி கொடுத்தது. வாஷிட்டா அவற்றில் ஒன்று. 1948 ஜூலையில், கார்டெல் ஊருக்கு அருகே கிளவுட் க்ரீக் ஓடையில் முதல் அணை எழுந்தது. பிறகு சான்ட்ஸ்டோன் க்ரீக்கில் 24. 1954-ல் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டம் இதை நாடு முழுக்க எடுத்துச்சென்றது. இன்று 47 மாநிலங்களில் இப்படிச் சுமார் 11,800 அணைகள். ஓக்லஹோமாவில் மட்டும் 2,100-க்கு மேல். வேறெந்த மாநிலத்திலும் இத்தனை கிடையாது.

நேரில் பார்க்கப் போகிறவருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஷட்டர் இல்லை, காவலாளி இல்லை. புல் மூடிய மேடு ஒன்று, முப்பது நாற்பது அடி உயரத்தில். முன்னால் ஒரு குட்டை, மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கும். குட்டைக்குள்ளிருந்து தலை நீட்டும் ஒரு கான்கிரீட் கோபுரம். அவ்வளவுதான். குட்டையின் கொள்ளளவு, ஐம்பது வருடத்து வண்டலுக்காக ஒதுக்கிய இடம். அதற்கு மேலே கரையின் உச்சிவரை இருப்பது வேண்டுமென்றே காலியாக விட்ட இடம்.

மழை கொட்டினால் நீர் அந்தக் காலி இடத்தில் ஏறும். கோபுரத்தின் வாயைத் தாண்டியதும் உள்ளே விழுந்து, கரைக்கு அடியில் போகும் குழாய் வழியாக மறுபக்கம் வரும். குழாயின் அளவில்தான் சூட்சுமம் இருக்கிறது: கீழே ஓடை தன் கரைக்குள் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் அது விடும். ஒரு ராத்திரியில் வந்த வெள்ளம் பத்து நாள் போல எடுத்துக்கொண்டு சாவகாசமாக இறங்கிப் போகும். யாரும் வந்து எதையும் திறக்க வேண்டாம். அடுத்த மழைக்கு இடம் மறுபடி காலி. பாசனத்துக்கென்று ஒரு சொட்டு கிடையாது. வந்ததைத் தாமதப்படுத்துவது ஒன்றே வேலை.

அதையும் மீறிப் பெய்தால்? அதற்குத்தான் கரையின் ஓரத்தில், குன்றின் கெட்டி மண்ணைக் குடைந்து வெட்டிய அகலமான கலங்கல். கல் கட்டுமானம் இல்லை, கான்கிரீட் இல்லை. புல். எனக்கு இந்த அணைகளில் மிகவும் பிடித்த பகுதி இது. ஓடுகிற வெள்ளத்தைப் புல் தாங்குமா என்று சோதித்துப் பார்க்க, 1940-களில் ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில் திறந்தவெளிச் சோதனைச் சாலை ஒன்றே இயங்கியது, இன்றும் இயங்குகிறது. வாய்க்கால்களில் வகைவகையாகப் புல்லை வளர்த்து, மேலே தண்ணீரைத் திறந்துவிட்டு, எந்த வேகத்தில் மண் பெயர்கிறது என்று ரீ என்ற பொறியாளரும் கூட்டாளிகளும் அளந்தார்கள். நன்றாகத் தேறியவற்றில் ஒன்று அவர்கள் பெர்முடா புல் என்று சொல்வது. நம் அருகம்புல்தான் அது. கொஞ்சமாக நீர் ஓடும்போது நிமிர்ந்து நின்று தடுக்கிறது. வேகம் கூடினால் மொத்தமாகச் சாய்ந்து தரையோடு ஒட்டிக்கொண்டு, நீரைத் தன் முதுகின் மேல் போகவிடுகிறது. மண் நகராது. அவர்கள் போட்ட கணக்கு 1949-ல் அச்சாகி, வயல்வெளி வடிகால் வெட்டுகிறவர்களுக்குப் பல காலம் கைநூலாக இருந்தது.

புல் காப்பாற்றியதைக் களிமண் கெடுத்த கதையும் உண்டு. ஓக்லஹோமாவிலும் மிசிசிப்பியிலும் இத்தகைய சில அணைகள், முதல்முறை நீர் ஏறியபோதே துளை விழுந்து உடைந்தன. நல்ல களிமண், ஒழுங்காக இறுக்கிய கரை, காரணம் பிடிபடவில்லை. 1970-களில் ஜேம்ஸ் ஷெரார்ட் என்ற அணைப் பொறியாளர் மண் பாதுகாப்புத் துறையினருடன் சேர்ந்து தோண்டிப் பார்த்தார். குற்றவாளி சோடியம். சோதனை எளிது: காய்ச்சி வடித்த நீர் உள்ள கண்ணாடி டம்ளரில் ஒரு துண்டு களிமண்ணைப் போட வேண்டும். சாதாரணக் களிமண் என்றால் உதிர்ந்து அடியில் படியும், மேலே நீர் தெளிவாகவே இருக்கும். சோடியம் மிகுந்தது என்றால், யாரும் கலக்காமலே, துண்டைச் சுற்றிப் பால் விட்டது போலப் புகை கிளம்பிப் பரவும். கரையில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தால் போதும், அதில் நுழையும் நீருடன் மண் தானாகவே கலந்து வெளியேறிவிடும். வெடிப்பு பொந்தாகும், பொந்து சுரங்கமாகும்.

அந்த வெடிப்பு அதிகம் விழுந்த இடம் குழாயைச் சுற்றித்தான். உருளை ஏற முடியாத இடம், மண்ணைக் கையால்தான் இடிக்க வேண்டும். கசிவைத் தடுக்க அங்கங்கே கான்கிரீட் தட்டுகளைக் குழாய்க்குக் கழுத்துப்பட்டையாக மாட்டினார்கள்; அவற்றின் இடுக்கில் மண் இன்னும் மோசமாக இறுகியது. கடைசியில் கண்ட வைத்தியம் மணல். நீர் வெளியேறும் பக்கத்துப் பாதியில் குழாயைச் சுற்றிச் சலித்த மணலை வைத்துவிட்டால், நீர் மட்டும் கசியும், மண் துகள் மாட்டிக்கொள்ளும், வெடிப்பு தானே அடைபடும். 1980-களிலிருந்து கழுத்துப்பட்டைகள் ஒழிந்தன.

பெரிய அணையா சின்ன அணையா என்ற சண்டையில், 1954-ல் வந்த ஒரு புத்தகம் இரு கட்சியையும் கடிந்துகொண்டது. நீரியலாளர் லூனா லியோபோல்டும் தாமஸ் மேடக்கும் எழுதியது. ஓடை அணை தனக்கு உடனே கீழே இருக்கும் வயலைக் காக்கும், ஆற்றோடு போகப் போக அதன் பலன் தேய்ந்துவிடும். கீழே பெருநகரத்தைக் காக்கப் பெரிய அணைதான் வேண்டும், ஆனால் அது மேலே இருப்பவருக்கு உதவாது. ஒன்றுக்கு மற்றொன்று மாற்றில்லை. இதை அன்றே கேட்டிருந்தால் மேடைப் பேச்சுகள் பாதி குறைந்திருக்கும்.

இந்த அணைகள் மலிவாக முடிந்ததற்குக் காரணம் பொறியியல் மட்டுமல்ல. நிலத்தைப் பெரும்பாலும் விவசாயிகளே, பணம் வாங்காமல், நீர் நிற்க உரிமை எழுதிக்கொடுத்தார்கள். அதைவிட முக்கியம், கீழே ஆளில்லை. உடைந்தாலும் போவது கொஞ்சம் கோதுமையும் வேலியும் என்பதால் கலங்கலைச் சிறிதாக வைத்தார்கள், அதற்கேற்ற விதிதான் இருந்தது. உயிர்ச்சேதம் வரக்கூடிய அணை என்றால், அந்தப் பகுதியில் பெய்யக்கூடிய அதிகபட்ச மழையையே தாங்க வேண்டும். கிட்டத்தட்ட வேறு அணை அது.

பிறகு ஐம்பது வருடம் அணை தன் வேலையைச் செய்தது. ஓடை அடங்கியிருந்தது. அடங்கியிருந்ததாலேயே கீழ்நிலம் விலை போயிற்று; பண்ணை மனையாயிற்று, வீடு வந்தது, சாலை வந்தது. கரையில் ஒரு பிடி மண்கூட மாறவில்லை, ஆனால் ஏட்டில் அது ‘உயர் ஆபத்து’ அணை ஆகிவிட்டது. இதற்கிடையில் தகரக் குழாய் துருப்பிடித்தது; கரையில் செடார் மரம் முளைத்தது, அதன் வேர் மக்கினால் பொந்து; மாடு ஏறி ஏறித் தடம் பள்ளமானது. பராமரிப்பு எழுதிக்கொடுத்தபடி உள்ளூர் மண் பாதுகாப்பு மாவட்டம் என்ற அமைப்பின் தலையில். அவர்களிடம் பணமிருந்தால்தானே?

2000 நவம்பரில் புதுப்பிப்புக்கென்று தனிச் சட்டம் வந்தது. செலவில் 65 சதவீதம் மத்திய அரசு, மீதி 35 உள்ளூர். கரையை உயர்த்தலாம், கலங்கலை அகலமாக்கலாம், புல்லை எடுத்துவிட்டுக் கான்கிரீட் படிகள் போடலாம். அந்தப் படிகளின் அளவுக் கணக்கும் அதே ஸ்டில்வாட்டரில்தான் நடக்கிறது. எல்லாவற்றையும்விட மலிவான வழி, உடைந்தால் மூழ்கும் நிலத்தில் வீடு கட்ட விடாமலிருப்பது. ஆனால் அணையைக் கவனிக்கும் அமைப்புக்கு மனை அனுமதியில் பேச அதிகாரமில்லை. அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கு அணையைப் பற்றி எந்தப் பொறுப்பும் இல்லை. செலவுக் கணக்கில் பெரும்பகுதி இந்த இரண்டு மேசைகளுக்கு நடுவில் பிறந்ததுதான் என்பது என் எண்ணம்.

அடுத்த வாரம், முதல்முறை நிரம்பும்போதே 1976 ஜூனில் போய்விட்ட டீட்டன் அணை.

(தொடரும்)