மீன் ரின் போகாத ஏரி

கனடாவில் 'காம்பிங் போனோம்' என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் அது காரைக் கூடாரத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் கோழி வாட்டிய கதையாகத்தான் இருக்கும். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கடந்த ஆவணியில் எங்கள் வாலிபர் குழுவில் பன்னிரண்டு பேர் போனது கார் போகாத இடத்துக்கு.

ரொறன்ரோவிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம் ஓடினால் அல்கோன்குவின் பூங்கா. 1893இல் ஒதுக்கப்பட்ட காடு. பரப்பளவு ஏறக்குறைய 7,600 சதுர கிலோமீற்றர். யாழ் மாவட்டத்தைப் போல ஏழு மடங்கு. 60ஆம் இலக்க நெடுஞ்சாலை அதன் தெற்குப் பக்கத்தால் போகிறது. உள்ளே போக வள்ளம்தான் வேண்டும். கனூ ஏரியில் இறங்கி, ஜோ, டீப்பி, லிட்டில் டோ ஏரிகளைத் தாண்டி டொம் தொம்சன் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஓவியர் டொம் தொம்சனின் பெயர்தான் அது. 1917இல் அவர் இறந்தது நாங்கள் புறப்பட்ட கனூ ஏரியில்.

வழியில் ஓர் அணை குறுக்கிடுகிறது. அங்கே வள்ளத்தைக் கவிழ்த்துத் தோளில் வைத்து 295 மீற்றர் நடக்க வேண்டும். பிறகு திரும்பி வந்து பைகளையும் தூக்க வேண்டும். தேவையில்லாமல் கொண்டுவந்த ஒவ்வொரு சாமானும் அப்போது தெரியும்.

சாப்பாடுதான் எங்களுக்குப் பெரிய யோசனை. பூங்காவின் உட்பகுதிக்குள் தகர ரின்களும் போத்தல்களும் கொண்டுபோகக் கூடாது. நம்மவர்களின் பயணத்தில் மீன் ரின் இல்லாமலா? கருவாடு கொண்டுபோகலாம் என்று ஒருவர் சொன்னார். கறுப்புக் கரடிகள் உலாவும் காட்டுக்கு அந்த மணத்தோடு போக மற்றவர்கள் சம்மதிக்கவில்லை. கடைசியில் அரிசி, பருப்பு, நூடில்ஸ், ஒரு அன்ரி இடித்துத் தந்த சம்பல். இரவில் இவை எல்லாவற்றையும், பற்பசையையும் கூட, ஒரு பையில் போட்டுக் கூடாரத்துக்குத் தூரத்தில் உயரக் கட்டித் தொங்கவிட்டோம்.

ஓர் இடத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்க முடியாது. அதனால் இரண்டு அனுமதி எடுத்தோம். அக்காமாருக்கு ஓரிடம், அண்ணாமாருக்கு ஓரிடம். வீடுகளில் சம்மதம் கிடைக்க இதுவும் உதவியது என்பதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் பெற்றோரின் தயக்கம் அதுமட்டும் அல்ல. கூடாரம் என்றால் அவர்களுக்கு வேறு ஞாபகம். "நாங்கள் இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழ கிடந்தனாங்கள். நீங்கள் காசு குடுத்துப் போய்ப் படுக்கப் போறியளோ?" என்று ஒரு அங்கிள் கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் புறப்படுவதற்கு முதல் நாள் அவரே வந்து, தறப்பாளை எந்தப் பக்கம் சரித்துக் கட்டினால் தண்ணீர் தேங்காது என்று கராஜுக்குள் கட்டிக் காட்டினார். கட்டக் கட்ட, அதன் கீழே அவருடைய அம்மா ஈர விறகில் கஞ்சி காய்ச்சிய கதையும் வந்தது. பக்கத்தில் கயிறு பிடித்துக்கொண்டு நின்ற அவருடைய மகள் அதை அன்றுதான் முதல்முறை கேட்டாள்.

இரண்டாம் இரவு நல்ல மழை. அங்கிளின் முடிச்சு அவிழவில்லை. மழை விட்டதும் ஏரியில் லூன் பறவை கூவியது. ஒரு டொலர் காசில் இருக்கும் அதே பறவைதான். ஆனால் இருட்டில் அந்தக் குரலைக் கேட்டால் யாரோ அழுவது போலிருக்கும். தறப்பாளுக்குக் கீழே தேத்தண்ணி குடித்துக்கொண்டு, அவரவர் வீட்டில் கேட்ட இடப்பெயர்வுக் கதைகளைச் சொல்லத் தொடங்கினோம். சிலரிடம் சொல்ல ஒன்றுமே இருக்கவில்லை. வீட்டில் ஒருபோதும் பேசியதில்லையாம்.

அடுத்த ஆவணிக்கு வர விரும்புவோர் மாசி முடிவதற்குள் பெயர் தாருங்கள். ஐந்து மாதங்களுக்கு முன்பே பதிவு தொடங்கிவிடும். வைகாசி, ஆனியில் கறுப்பு ஈயும் நுளம்பும் கடித்தெடுக்கும் என்பதால் அந்த மாதங்களைத் தவிர்க்கிறோம். நீந்தத் தெரியாதவர்களும் வரலாம், ஆனால் வள்ளத்தில் உயிர்காப்பு அங்கியை யாரும் கழற்ற விடமாட்டோம். தறப்பாள் அங்கிளிடம் இருக்கிறது.