குறியீடு காட்டும் உண்மை

சென்னை அடையாற்றிலுள்ள புற்றுநோய் மருத்துவமனை, மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. சென்னை மாநகரில் எத்தனை பேருக்கு எவ்வகைப் புற்றுநோய் புதிதாகத் தோன்றுகிறது எனக் கணக்கிடும் பணியையும் அது 1982ஆம் ஆண்டு முதல் மேற்கொண்டு வருகிறது. பதிவுப் பணியாளர்கள் நகரின் பல மருத்துவமனைகளுக்கும் நேரில் சென்று விவரங்களைத் திரட்டுகின்றனர்.

ஒரே நோயை மருத்துவர்கள் வெவ்வேறு சொற்களால் எழுதக்கூடும். எனவே, நோய்ப்பெயரை உலகப் பொதுவான குறியீடாக மாற்றுதல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு 'சி53' என்பது குறியீடு. கருப்பையின் உடற்பகுதியில் தோன்றுவது 'சி54'. இன்ன பகுதி எனத் தெளிவுறாதது 'சி55'.

இங்கேதான் பயிற்சி தேவைப்படுகிறது. நோயாளர் கோப்பின் முகப்பில் 'கருப்பைப் புற்றுநோய்' என்று மட்டும் இருப்பின், பயிற்சியற்றவர் சி55 என எழுதி முடித்துவிடுவார். பயிற்சி பெற்றவரோ திசு ஆய்வறிக்கையைப் படித்து, நோய் கருப்பை வாயில் தோன்றியதை அறிந்து சி53 எனப் பதிவு செய்வார். மார்பகத்தில் தோன்றி எலும்புக்குப் பரவிய நோயை எலும்புப் புற்றுநோயாகக் கணக்கிடலாகாது. தோன்றிய இடமே குறியீட்டைத் தீர்மானிக்கும். ஐயம் எழுந்தால் ஊகித்து எழுதாமல் மருத்துவரை வினவுதல் வேண்டும். ஒருவரே இரு மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றிருந்தால், அவரை ஒருமுறை மட்டுமே எண்ணுதல் வேண்டும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய், தடுப்பூசியாலும் முன்கூட்டிச் செய்யும் சோதனையாலும் பெரிதும் தடுக்கக்கூடியது. பிழையான குறியீட்டினுள் அது மறைந்துவிட்டால், அந்நோயின் அளவு உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். தடுப்புத் திட்டங்களின் தேவையும் குறைத்து மதிப்பிடப்படும். ஆதலால், பதிவுப் பணியாளர்க்கு அளிக்கப்படும் பயிற்சியும் நோய்த்தடுப்பின் ஒரு பகுதியே ஆகும்.